சுகரும் இருக்கு, நெஞ்சுக் கோளாறும் இருக்கு: கூட்டு மருத்துவம் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, வண்ணாரப்பேட்டை கிளினிக் பெஞ்சானாலும் சரி, ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, சந்தேகங்கள் என்னவோ ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே வைத்திருக்கிறோம். பதிலில் வரும் எண்கள் பெரும்பாலோருக்குப் பொருந்துபவை. உங்கள் சீட்டில் மருத்துவர் வேறு எண் எழுதியிருந்தால் உங்களுக்கு அதுதான் கணக்கு.

"சுகருக்கு ஒரு டாக்டர்ட்ட காட்டுதேன், நெஞ்சுக்கு இன்னொரு டாக்டர்ட்ட காட்டுதேன். நல்லாத்தான போவுது? ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்னு எதுக்குச் சொல்லுதாவ?"

சர்க்கரை கெடுப்பது ரத்தக்குழாயின் உள்சுவரை. அந்தக் குழாய் இதயத்துக்கும் போகிறது, சிறுநீரகத்துக்கும் விழித்திரைக்கும் கால்விரலுக்கும் போகிறது. நோய் ஒன்றாகப் பரவும்போது வைத்தியம் மட்டும் துண்டு துண்டாக நடந்தால் நடுவில் ஓட்டை விழும்.

உதாரணத்துக்கு பயோகிளிட்டசோன். சர்க்கரையை நன்றாகவே இறக்கும், ஆனால் உடம்பில் நீர் கோக்க வைக்கும். இதயம் பலவீனமானவருக்கு அது ஆகாது. சர்க்கரை மருத்துவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் தெரியாவிட்டால் எழுதிவிடுவார். இதய மருத்துவருக்கு அந்த மாத்திரை தெரியாவிட்டால், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையைக் கூட்டுவார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சீட்டும் சரி. ஒன்றாக வைத்தால் தப்பு.

"குழுன்னா யாரு யாரு? எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரியில இருக்கணுமா?"

சர்க்கரையைப் பார்க்கும் மருத்துவர், இதய மருத்துவர், தேவைப்பட்டால் சிறுநீரக மருத்துவர், கண் மருத்துவர், காலைப் பார்க்கும் அறுவை மருத்துவர், உணவு ஆலோசகர், இன்சுலின் போடச் சொல்லிக் கொடுக்கும் செவிலியர், மருந்தாளுநர். பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர் வீட்டில் சமைக்கிறவர். அவரும் குழுவில் ஒருவர்.

ஒரே கட்டிடத்தில் இருந்தால் வசதி, அவ்வளவுதான். ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் பல்நோக்கு உயர் சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் சீட்டு அங்கேயே கைமாறும். வள்ளியூரில் சர்க்கரைக்கும் பாளையில் நெஞ்சுக்கும் காட்டுகிறவருக்கும் குழு உண்டு, இரண்டு காரியம் இருந்தால்: எல்லோரும் எழுதும் ஒரே நோட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்ற ஒரு மருத்துவர். இந்த இரண்டும் இல்லாமல் ஒரே மாடியில் ஐந்து ஸ்பெஷலிஸ்ட் உட்கார்ந்திருந்தாலும் அது குழு ஆகாது.

"மொதல்ல போவும்போது என்னெல்லாம் கொண்டு போவணும்?"

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். அட்டையைக் கத்தரித்து இரண்டிரண்டாக வைத்திருந்தால் பெயரும் மில்லிகிராமும் போய்விடும். சர்க்கரைக்கான ஒரே மெட்ஃபார்மின் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டில் இருப்பது சர்வசாதாரணம். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒரு சீட்டிலும், தனி கிளிமிபிரைடு இன்னொரு சீட்டிலும் இருந்தால் ராத்திரி லோ சுகரில்தான் கொண்டுபோய் விடும்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் மாத்திரையை மறைக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கும், பி.பி.யை ஏற்றும், இதயத் தளர்ச்சியைக் கூட்டும். பேப்பரில் மடித்துத் தரும் 'செட் மாத்திரை'யில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை எகிறும். காரணம் புரியாமல் இன்சுலின் கூடிக்கொண்டே போகும். சித்த மருந்தும் அதே பையில் வரவேண்டும். பாளையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. இரண்டும் சேர்த்து எடுப்பவர்கள் நிறைய. சிறுகுறிஞ்சான் சர்க்கரையை இறக்கக்கூடியது, கிளிமிபிரைடோடு சேர்ந்தால் அதிகமாகவே இறங்கலாம். யார் கொடுத்த மருந்தானாலும் நோட்டில் ஏறவேண்டும்.

இவற்றோடு கடைசி இசிஜி, எக்கோ ரிப்போர்ட், ஸ்டென்ட் (இதயக் குழாய் அடைப்பில் வைக்கும் வலைக்குழாய்) வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் எடுத்த சர்க்கரை, பி.பி. அளவுகள். பழைய இசிஜி ரொம்ப முக்கியம். புதிதாக வந்த மாற்றமா, முன்பே இருந்ததா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"என்னென்ன டெஸ்டு, எத்தன மாசத்துக்கு ஒருக்க? நம்பர் எவ்வளவு இருந்தா நல்லது?"

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழ். அளவு ஆடிக்கொண்டிருந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் 6 மாதம். ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது: இரும்புச்சத்துக் குறைவு அதைக் கூட்டிக் காட்டும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் குறைத்துக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். பி.பி. 130/80-க்குக் கீழ். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். நெஞ்சுக் கோளாறு வந்தவருக்கு 70-க்குக் கீழாவது வரவேண்டும். 55-க்குக் கீழே கொண்டுவரத்தான் பல மருத்துவர்கள் பார்ப்பார்கள். லேப் தாளில் "100 வரை நார்மல்" என்று அச்சடித்திருப்பது மற்றவர்களுக்கு.

சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் (ரத்தத்தில் உள்ள கழிவு), அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் ஆல்புமின் (புரதம்)-கிரியேட்டினின் விகிதம் ஆகியவை வருடம் ஒருமுறையாவது. விகிதம் 30-க்குக் கீழ் இருக்கவேண்டும். இந்த ஆல்புமின் டெஸ்டைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே எச்சரிப்பது அதுதான். இனாலப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பி.பி., நெஞ்சு மாத்திரை புதிதாகத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும்.

கண்ணுக்கு வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது. பார்வை தெளிவாக இருப்பதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சொட்டு விட்டால் சில மணி நேரம் கூசும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள். காலுக்கு 10 கிராம் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், பாத நாடி பிடிப்பார்கள். எக்கோ, ட்ரெட்மில் இரண்டும் அறிகுறி இருந்தாலோ மருத்துவர் காரணம் சொன்னாலோதான். வருஷா வருஷம் பேக்கேஜில் எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

"வெறும் வயித்துல டெஸ்டுன்னா காலைல அஞ்சரை பஸ்ஸ புடிக்கணும். மாத்திரைய போடவா வேண்டாமா?"

8 மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். பி.பி. மாத்திரையையும் நெஞ்சு மாத்திரையையும் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரையும் சாப்பாட்டு இன்சுலினும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு. இட்லியைத் தூக்குவாளியில் கையோடு கொண்டு போங்கள். சாப்பிட்ட பின் பார்க்கும் டெஸ்டுக்கு முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கணக்கு, கை கழுவியதிலிருந்து அல்ல. வழக்கமான மாத்திரையைப் போட்டுத்தான் சாப்பிடவேண்டும். மாத்திரை இல்லாமல் எடுத்த அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிவிட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

எச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் எதற்குமே பட்டினி தேவையில்லை. கொழுப்பு டெஸ்டுக்கும் பெரும்பாலும் வேண்டாம். களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வருகிறவர், "வெறும் வயிறு அவசியமா?" என்று முன்கூட்டிக் கேட்டாலே பாதிச் சிரமம் குறையும்.

"ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமாச் சொன்னா யாரு சொல்லுதத கேக்க?"

விஷயத்தைப் பொறுத்தது. ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றில் இதய மருத்துவர் சொல்தான் கடைசி. இன்சுலின் அளவில் சர்க்கரை மருத்துவர். கிரியேட்டினின் ஏறியிருந்தால் எந்த மாத்திரையைக் குறைக்கவேண்டும் என்பதில் சிறுநீரக மருத்துவர். ஒன்று இன்னொன்றில் மோதினால் நோட்டுக்குப் பொறுப்பான மருத்துவர் மற்றவரிடம் பேசித் தீர்க்கவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது: மருந்தை மாற்றுகிற மருத்துவரிடம், "எதை மாத்தினீங்க, ஏன், எத்தனை நாளைக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, மத்தவர்ட்ட காட்டணும்" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "அந்த டாக்டர் நிப்பாட்டச் சொன்னாரு" என்று வாய்வழி போகும் செய்திதான் வழியில் திரிந்துவிடுகிறது.

"சுகரு கன்ட்ரோல்லதான் இருக்கு. ஆனா நெஞ்சு டாக்டர் புதுசா ஒரு சுகர் மாத்திரை எழுதுதாரே, ஏன்?"

டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். இரண்டுமே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். சர்க்கரைக்காக வந்த மருந்துகள்தான். ஆனால் இதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதையும் சிறுநீரகம் கெடும் வேகத்தையும் இவை குறைப்பது பெரிய ஆய்வுகளில் தெளிவானது. 2015-இல் வந்த எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு அதில் முதலாவது. ஆகவே இவற்றைச் சர்க்கரை அளவுக்காக மட்டும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்தால் அதைக் குறைக்கவேண்டி வரலாம், நீர் மாத்திரையையும்தான். சர்க்கரை மருத்துவருக்குச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். சிறுநீர் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தால் முற்றும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடே இறங்காத காய்ச்சல் வந்தால் அந்த நாட்களுக்கு நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். பைபாஸ் போன்ற அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதுகூட.

"நெஞ்சு மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து லோ சுகரு வந்தா படபடப்பே தெரியல. நல்லதுதான?"

நல்லதில்லை. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை துடிப்பைக் கட்டுப்படுத்துபவை. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் சட்டை நனைகிற மாதிரி வேர்த்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, நெஞ்சுவலி திரும்ப வரலாம்.

70-க்குக் கீழ் இருந்தால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும். ஏறியபின் சாப்பாடு. வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனியோ கருப்பட்டியோ சீக்கிரம் வேலை செய்யாது, அவை செரிப்பதையே அந்த மாத்திரை தடுக்கிறது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"நெஞ்சு வலிக்கவே இல்ல, வெறும் கேஸ்தான். சோடா குடிச்சா சரியாயிரும்லா?"

ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப் போயிருக்கும். மாரடைப்பிலும் வலி வராமல் போகலாம். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வேர்வை, மேல் வயிற்றில் பிசைவது, தாடை அல்லது இடது கை கனப்பது, சொல்லத் தெரியாத அசதி: இவற்றில் ஒன்று திடீரென்று வந்து நின்றாலும் இசிஜி எடுத்தே ஆகவேண்டும். கேஸ்தான் என்று இசிஜி சொல்லட்டும், சோடா சொல்லவேண்டாம்.

பாபநாசம், கூடங்குளம் பக்கம் இருப்பவர் நேராகப் பாளைக்குக் கார் பிடிக்கவேண்டும் என்று நினைத்து நேரத்தை விடுகிறார். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் வேளை பெரிய அளவில் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்து நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு 108-இல் போவது மேல். இசிஜியை போட்டோ எடுத்து முன்கூட்டியே பாளைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடைப்பைத் திறக்கும் பலூன் சிகிச்சை 2 மணி நேரத்துக்குள் கிடைக்காத தூரம் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழியிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே போடலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். முதல் 3 மணி நேரத்தில் போட்டால்தான் அதற்கு நல்ல பலன்.

"ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம் ஆச்சு. பல் புடுங்கணும். ரத்த மாத்திரைய நிப்பாட்டலாமா?"

நீங்களாக நிறுத்தக் கூடாது. மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்டுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலாரும் சேர்த்து வழக்கமாக 12 மாதம். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். ஒரு பல் பிடுங்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். பெரும்பாலும் மாத்திரையோடேயே பிடுங்குவார்கள். பல் மருத்துவர் தயங்கினால் இதய மருத்துவரின் இரண்டு வரிக் கடிதம் போதும்.

"மெட்ஃபார்மின் கிட்னிய கெடுத்துரும்னு சொல்லுதாவ. ஆஞ்சியோ வேற எடுக்கணுமாம்."

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, அதுதான் சங்கதி. இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழ் போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழ் நிறுத்துவார்கள். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தலாம் என்பதால், அன்றைக்கு நிறுத்தி 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் பார்த்துத் திரும்பத் தொடங்கச் சொல்வது வழக்கம். திரும்பத் தொடங்க மறந்து, சர்க்கரை 300-ஐத் தொட்டபின் வருகிறவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் அன்றே "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

"கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா? அது சீனி இல்லல்லா?"

உடன்குடிக் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கலாம். அதற்காகக் குடித்தால் சர்க்கரையும் கூடவே வரும். அல்வாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டாம். அதில் கோதுமைப் பாலும் சீனியும் மட்டுமில்லை, நெய்யும் கையில் வழிகிறது.

சொதியில் தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள இன்னும் ஏதாவது. மறுவீட்டுச் சாப்பாட்டில் என்றைக்கோ ஒருநாள் என்றால் சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டிச் சாப்பிடலாம். தினப்படித் தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு அல்லது மீன். வெள்ளை அரிசிக்குப் பதில் சிவப்பரிசி நல்லதுதான், அதுவும் அளவோடு. உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் வத்தல் எல்லாம் இந்த டீஸ்பூனுக்குள்தான். இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டனோ ஸ்பைரனோலாக்டோனோ எடுப்பவருக்கு அதுவும், தினமும் இளநீரும் ஆபத்து.

"கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம், திருச்செந்தூருக்கு நடை. ரம்சான் நோன்பும் இதே மாதிரிதான? இருக்கலாமா?"

மருத்துவர் மனசுக்குள் வேண்டாம் என்று நினைத்தாலும் பலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே ஒரு மாதம் முன்பே போய்ச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்து கொஞ்ச மாதமே ஆனவர், இதயத் தளர்ச்சி உள்ளவர், லோ சுகர் அடிக்கடி வருபவர், சிறுநீரகம் கெட்டவர் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு கிளிமிபிரைடு, இன்சுலின் அளவை மாற்றுவார்கள். முன்பு சொன்ன டாபாகிளிஃப்ளோசின் வகையை நிறுத்தவேண்டி வரலாம். விரதத்தில் விரலில் குத்திப் பார்க்கலாம். 70-க்குக் கீழ் போனால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிடவேண்டும்.

நடைக்கு: உணர்ச்சி குறைந்த காலில் கொதிக்கும் தார் ரோட்டின் சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். எம்.சி.ஆர். செருப்போ (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ளது) ஷூவோ பருத்திக் காலுறையோடு போட்டு நடங்கள். கோயில் பிரகாரக் கல்லுக்கும் மதியத்தில் இதே கதை, சாக்ஸாவது இருக்கட்டும். பூக்குழி இறங்குவது இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

"கால் வீங்குது. கிட்னியா, நெஞ்சா, மாத்திரையா?"

மூன்றும் இருக்கலாம். அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்கும், அப்போது மூச்சு வாங்காது, எடை பெரிதாக ஏறாது. சிறுநீரில் ஆல்புமின் போனால் காலையில் முகமும் ஊதும். இதயமென்றால் படுத்தால் மூச்சு முட்டும், தலையணை கூடிக்கொண்டே போகும். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன், ஒரே எடை மெஷினில் பார்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றே போன் செய்யவேண்டும்.

"வீட்டுக்கே மாத்திரை வருது. காப்பீட்டு அட்டையும் இருக்கு. பின்ன எதுக்கு டவுனுக்கு அலையணும்?"

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டில் கொடுத்து அளவும் பார்க்கிறார். பீடி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் ஸ்பெஷலிஸ்ட் எழுதும் எல்லா மாத்திரையும் அந்தப் பையில் இருக்காது. நோட்டைத் தன்னார்வலரிடமும் காட்டுங்கள். பெரியாஸ்பத்திரியில் நிறுத்திய மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டே இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் போன்ற, ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ஓ.பி. டெஸ்டுக்கும் அதை நம்பவேண்டாம்.

"ஆச்சிக்கு எம்பத்திரெண்டு வயசு. பதினோரு மாத்திரை. அத்தனையும் வேணுமா?"

கேட்கவேண்டிய கேள்விதான். இந்த வயதில் எச்பிஏ1சி 8 வரை இருந்தாலும் பரவாயில்லை, 6.5-க்கு இழுத்துப் பிடித்து ராத்திரி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிட அது மேல். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் முதலில் எடுக்கப் பார்ப்பது அதைத்தான். அதனால் வரும் லோ சுகர் நெடுநேரம் நீடிக்கும். உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை பி.பி. பார்க்கவேண்டும். நின்றவுடன் 20 புள்ளி இறங்கினால் பி.பி. மாத்திரைகளைக் குறைப்பதைப் பேசலாம். எதையும் வீட்டில் முடிவெடுத்து நிறுத்தாமல், பதினொன்றையும் நோட்டுப் பொறுப்பாளர் முன் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு?" என்று கேளுங்கள்.

அதுவரைக்கும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சி ராத்திரி "பசிக்கல" என்று தட்டை ஒதுக்கிவிட்டால், அன்றைக்கு ராத்திரி கிளிமிபிரைடு கிடையாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் போடுமுன் சர்க்கரை பார்த்து, மருத்துவரையோ செவிலியரையோ போனில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.